தம்பிக்குக் கம்பஸ் தேடி அலைஞ்ச கதை: ஏசி போட்ட ஆலோசனை நிலையமும் எங்கட சந்திக் கொமினிக்கேசனும்

ரெண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ரிவியூவா எழுதுறன். ஒண்டு டவுனில இருக்கிற கல்வி ஆலோசனை நிலையம், கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க தொப்பி எறியிற பிள்ளையளின்ர படம். மற்றது கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம் எங்கட சந்தியில இருக்கிற கொமினிக்கேசன், போட்டோக் கொப்பி, ரீலோட், லொத்தர், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரு பத்தடிக் கடைக்குள்ள. ரெண்டுக்கும் பேர் போடமாட்டன். முதலாவதுக்கு ஏனெண்டு வாசிக்க விளங்கும். ரெண்டாவதுக்கு ஏனெண்டா, "என்ர பேரைப் போட்டியெண்டா நாளைக்கு முல்லைத்தீவு முழுக்க இஞ்ச வந்து நிக்கும், நான் மத்தியானம் சோறு தின்னுறேல்லையோ" எண்டு அந்த அண்ணை பேசிப்போட்டார்.

நட்சத்திரம் முதலே சொல்லிடுறன். நிலையத்துக்கு அஞ்சில ஒண்டரை, அந்த அரை அவையள் தந்த இஞ்சித் தேத்தண்ணிக்கு. கடைக்கு நாலரை. அரையை ஏன் வெட்டினனான் எண்டு பிறகு சொல்லுறன்.

தம்பி 2024 ஏ.எல் (உயர்தரம், கம்பஸ் போறதுக்கு எழுதுற சோதினை), கணிதப் பிரிவு. அந்த பட்ச் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 25 சோதினை தொடங்கி ரெண்டு நாளில வெள்ளம் வந்து நிப்பாட்டி, டிசம்பர் 4 தான் திரும்பத் தொடங்கினவை. அந்த இடைப்பட்ட நாளில இவன் புத்தகத்தைப் பொலித்தீனில சுத்தி அலுமாரிக்கு மேல வச்சிட்டு அப்பாவோட வயலுக்க நிண்டவன், ஒரு ஏக்கர் அப்பிடியே தண்ணிக்கு கீழ. ரிசல்ட் ஏப்ரல் கடைசியில வந்தது, ஒரு சி ரெண்டு எஸ். மூண்டும் பாஸ், ஆனா கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசற் ஸ்கோர் எண்ட புள்ளியைப் பாத்தா சிரிக்கிறதோ அழுறதோ தெரியாத மாதிரி ஒரு நம்பர். இவன்ர ஆசை கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக எஞ்சினியரிங் பீடம், அதுக்கு சொன்ன காரணம் வீட்டில இருந்து சைக்கிள்ள போய்வரலாமாம். அது இந்த இசற்றுக்கு நடக்காது எண்டு அவனுக்கே தெரியும், ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்தான்.

மூண்டாம் நாள் வட்ஸ்அப் வருது. "வாழ்த்துக்கள்! நீங்கள் யூ.கே டிகிரிக்குத் தெரிவாகியுள்ளீர்கள்." விண்ணப்பிக்காமலே தெரிவாம். எங்கட நம்பர் அவையளுக்கு எப்பிடிப் போச்சு எண்டு நான் கேட்டதுக்கு, ஏதோ கல்விக் கண்காட்சியில பேனையும் பையும் குடுத்து போம் ஒண்டு நிரப்பச் சொன்னவையாம், இவன் நிரப்பிக் குடுத்திருக்கிறான். அந்த பேனை எழுதேல்லை எண்டும் சொல்லுறான்.

அம்மா விடேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகுது, முன்வீட்டுப் பிள்ளை கனடா போகுது, இவன் மட்டும் மாடு பாக்கிறதோ எண்டு ஒரே புலம்பல். நான் வேலை செய்யிற காமன்ஸில (ஆடைத் தொழிற்சாலை) ஒரு நாள் லீவு போட்டு, மூண்டு பேருமா பஸ் ஏறினம். முறிகண்டியில பஸ் நிக்க அம்மா இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கி, "இது சரிவந்தா அடுத்தமுறை பொங்கல்" எண்டு நேர்த்தியும் வச்சிட்டா. பிள்ளையார் கேட்டவர் தான், ஆனா அம்மா கேட்ட மாதிரி இல்லை.

நிலையத்தில எங்களோட கதைச்சது ஒரு பிள்ளை, இருபத்தி மூண்டு நாலு வயசிருக்கும், முல்லைத்தீவுப் பக்கமாம். நல்ல மரியாதை. அம்மாவை அன்ரி அன்ரி எண்டு கூப்பிட்டு, கச்சானைக் குடுக்க அதையும் வாங்கிச் சாப்பிட்டுது. அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு கோவமும் இல்லை, மாசம் இத்தினை பேரைச் சேர்த்தாத்தான் அதுக்குச் சம்பளம் எண்டு கதையோட கதையா அதுவே சொல்லிப்போட்டுது. அவ சொன்னது இதுதான்: ரெண்டு வருசம் இஞ்ச டவுனிலேயே டிப்ளோமா, பிறகு ஒரு வருசம் கொழும்பில டொப் அப் (டிப்ளோமாவை டிகிரியாக்கிற கடைசி வருசப் படிப்பு), மூண்டே வருசத்தில யூ.கே டிகிரி, கம்பஸ் போற பிள்ளையள் ரெண்டாம் வருசம் படிக்கேக்க தம்பி வேலைக்குப் போயிடுவார். காசு? "கஸ்ரமே இல்லை அன்ரி, மாசம் இருபத்தேழாயிரம்தான், ஒரு போன் வாங்கிற மாதிரி."

இதில ஒரு விசயம் கவனிச்சனான். நான் மூண்டு தரம் "மொத்தமா எவ்வளவு முடியும்" எண்டு கேட்டன், மூண்டு தரமும் மாசக் கணக்குத்தான் பதிலா வந்தது. நாலாம் தரம் கல்குலேட்டரை எடுத்து நானே அடிச்சன். 24 மாசம், ஆறரை லட்சம். சரி, அது டிப்ளோமாவுக்கு. டொப் அப்புக்கு? அப்பத்தான் அந்தப் பிள்ளை குரலைக் கொஞ்சம் இறக்கி, "அது யூனிவர்சிற்றிக்கு நேரடியாக் கட்டுறது, மூவாயிரத்து ஐநூறு பவுண்" எண்டுது.

அம்மா கதிரையில இருந்து எழும்பிட்டா. "மூவாயிரத்து ஐநூறு பவுணோ! என்ர தாலிக்கொடியே ஏழு பவுண் பிள்ளை!"

நான் சிரிச்சிட்டன், அந்தப் பிள்ளையும் சிரிச்சிட்டுது, பிறகுதான் அது இங்கிலாந்துக் காசு எண்டு அம்மாக்கு விளங்கப்படுத்தினது. ஆனா வீட்ட வந்து கணக்குப் பாக்கேக்க அம்மா பயந்ததிலயும் ஒரு ஞாயம் இருக்கு எண்டு பட்டுது. அந்த நேரம் ஒரு பவுண் நானூறு ரூவாக்குக் கிட்ட நிண்டது, அப்ப அதுமட்டும் 14 லட்சம். அதுவும் அண்டைய விலைக்கு. இவன் கட்டப்போறது ரெண்டு வருசம் கழிச்சு. 2022ல டொலர் 200 சொச்சத்தில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள 360க்குப் போனதை மறக்கேலுமோ, அந்த நேரம் வெளிநாட்டுக் காசில பீஸ் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையளின்ர வீடுகளில என்ன நடந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அந்தப் பேப்பரில எங்கயும் "நாணயமாற்று வீதம் மாறினா" எண்டு ஒரு சொல் இல்லை.

அதோட பதிவுக்கட்டணம் 25,000. கொழும்பில ஒரு வருசம் அறை வாடகை, சாப்பாடு மாசம் நாப்பதாயிரம் எண்டு வச்சாலும் நாலு லட்சத்து எண்பதாயிரம். எல்லாம் கூட்டினா 25 லட்சத்து 55 ஆயிரம்.

இப்ப எங்கட வருமானத்தைப் பாருங்கோ. இரணைமடுக் குளத்துத் தண்ணியில ரெண்டு ஏக்கர் வயல். நல்ல போகம் எண்டா ஏக்கருக்கு 25 மூட்டை, 66 கிலோப்படி, நாட்டு நெல்லுக்கு 2025ல அரசாங்கம் அறிவிச்ச விலை கிலோ 120, மொத்தமா நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். உழவு, விதை, உரம், மருந்து, வெட்டு மிசின் எல்லாம் போக அரைவாசி மிஞ்சினா அப்பா அண்டைக்குச் சிரிப்பார். அதிலயும் வீட்டுக்கு அரிசிக்கு எடுக்கவேணும். அந்த டிகிரி எண்டுறது எங்களுக்குப் பன்னெண்டு பதின்மூண்டு காலபோகம், அதுவும் வெள்ளம் வராத, பன்றி வராத, யானை வராத காலபோகம். நான் உழைக்கிறது கரண்ட், மருந்து, சாமான் எண்டு மாசக் கடைசிக்கு முதலே முடிஞ்சிடும். சீட்டு ஒண்டு ஓடுது, அது அடகு வச்ச சங்கிலி எடுக்க.

இவ்வளவும் நான் வீட்ட வந்து போட்ட கணக்கு. அங்க இருக்கேக்க என்ன செய்தம் எண்டு கேளுங்கோ, 5,000 ரூவா கட்டிப்போட்டு வந்தம். "சீற் ஹோல்ட் பண்ண" எண்டவை. இந்தக் கிழமையோட முடியுதாம், ஒம்பது இடம்தான் மிச்சமாம். அம்மா இடுப்பில இருந்து சுருக்குப்பையை எடுத்துக் குடுத்திட்டா, நான் தடுக்கிறதுக்குள்ள ரசீது வந்திட்டுது. இதை எழுத எனக்கே வெக்கமாத்தான் இருக்கு, பத்து வருசம் வேலை செய்யிறனான், ஒரு சேலை வாங்கவே மூண்டு கடை ஏறி இறங்கிறனான்.

சரி இப்ப கடை.

அடுத்தநாள் பின்னேரம் ஐடென்ரிற்றி கார்ட்டை கொப்பி அடிக்கத்தான் சந்திக்குப் போனன், நிலையத்தில கேட்டிருந்தவை. அண்ணை கொப்பியை அடிச்சுக்கொண்டு "என்னத்துக்கு" எண்டார். சொன்னன். மிசினை நிப்பாட்டிப்போட்டார். "டிகிரி குடுக்கிறது ஆர்?" எண்டு கேட்டார். நான் நிலையத்தின்ர பேரைச் சொன்னன். "அது வகுப்பு வைக்கிறவன், நான் கேட்டது சேட்டிபிக்கட்டில கையெழுத்து வைக்கிறவனை." எனக்குத் தெரியேல்லை. தம்பிக்கும் தெரியேல்லை. அந்த வடிவான புத்தகத்தைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தம், டிப்ளோமா குடுக்கிறது ஆர் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை, கடைசி வருச யூனிவர்சிற்றிக்கு "பாட்னர் யூனிவர்சிற்றிகள்" எண்டு பன்மையில போட்டிருக்கு, பேர் இல்லை.

அண்ணை அப்பிடியே யூ.ஜி.சி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) வெப்சைற்றைத் திறந்தார். எனக்கு இது புதுசு, உங்கள்ள கனபேருக்கும் புதுசா இருக்கலாம், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். இலங்கையில ஒரு தனியார் நிறுவனம் தானே டிகிரி குடுக்கிறதெண்டா 1978ம் ஆண்டு 16ம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்ர 25ஏ பிரிவில அதுக்கு அனுமதி எடுத்திருக்கவேணும், அந்தப் பட்டியல் யூ.ஜி.சி சைற்றில ஆர் வேணுமெண்டாலும் பாக்கலாம், எந்த நிறுவனம் எண்டு மட்டுமில்லை எந்த டிகிரி எண்டும் போட்டிருக்கும். வெளிநாட்டு டிகிரி எண்டா அந்த வெளிநாட்டு யூனிவர்சிற்றி யூ.ஜி.சி ஏற்கிற சர்வதேசப் பட்டியலில இருக்கோ எண்டு பாக்கவேணும். டிகிரிக்குக் கீழ உள்ள தொழிற்கல்விப் படிப்பெண்டா என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) எத்தினையாம் லெவல், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கோ எண்டு கேக்கவேணும். இது ஒண்டும் இல்லாத பேப்பரோட அரசாங்க வேலைக்குப் போனா கவுண்டரிலயே திருப்பி விடுவாங்கள். நாங்கள் தேடினதில அந்த நிலையம் ஒரு பட்டியலிலயும் அம்பிடேல்லை. கள்ளர் எண்டு நான் சொல்லேல்லை, அவையள் வகுப்பு வைக்கினம், பிள்ளையள் படிக்கினம். ஆனா 25 லட்சத்துக்கு என்ன பேப்பர் கையில வரும் எண்டு அவையளே எழுதி வைக்கேல்லை.

லோன் கதையும் இப்பிடித்தான். "கவர்மென்ற் வட்டியில்லா லோன் இருக்கு அன்ரி, நாங்களே எடுத்துத் தருவம்" எண்டு அந்தப் பிள்ளை சொன்னது. அப்பிடி ஒரு லோன் உண்மையா இருக்கு, 2017ல இருந்து. ஏ.எல் பாஸ் பண்ணியும் அரசாங்கக் கம்பஸ் கிடைக்காத பிள்ளையளுக்கு, வட்டியை அரசாங்கம் கட்டும், முதலைப் படிச்சு முடிச்சபிறகு பிள்ளை கட்டவேணும். நல்ல திட்டம்தான். ஆனா எல்லா இடத்துக்கும் இல்லை, கல்வி அமைச்சு ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின்ர குறிப்பிட்ட டிகிரிகளுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியலையும் அண்ணை எடுத்துக் காட்டினார், இவையின்ர பேர் இல்லை. அப்ப "எடுத்துத் தருவம்" எண்டது எதை? ஏதாவது லீசிங் கொம்பனியில கடன் எடுக்கப் பண்ணுறதா இருக்கும். வன்னியில மைக்ரோ பினான்ஸ் கடன்காரன் ஞாயிற்றுக்கிழமை காலமை வாசலில வந்து நிக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு எங்கட சின்னம்மாவைக் கேட்டாச் சொல்லுவா.

இவ்வளவும் சொல்லிட்டு அண்ணை என்னட்ட எடுத்தது பத்து ரூவா, கொப்பிக்கு.

இனி அரசாங்கக் கம்பஸுக்குப் போடுற யூ.ஜி.சி விண்ணப்பம், கடைக்கு நான் நாலரை குடுத்ததே இதுக்குத்தான். நாங்கள் நினைச்சிருந்தது இவன்ர இசற்றுக்கு ஒண்டும் வராது, சும்மா என்னத்துக்குப் போடுறது எண்டு. வீட்டில யூ.ஜி.சியின்ர விண்ணப்பக் கையேடே வாங்கேல்லை. அண்ணை தன்ர கையேட்டைத் தூக்கிப் போட்டார், மூலையெல்லாம் மடிஞ்சு, மஞ்சள் பேனையால கோடு போட்டு, வேதப்புத்தகம் மாதிரி. மனுசன் திறந்த பல்கலைக்கழகத்தில கடையும் பாத்துக்கொண்டு ஏழு வருசம் இழுத்து டிகிரி முடிச்சவர், அந்த வெறி இன்னும் இருக்கு.

அவர் விளங்கப்படுத்தினது இப்பிடி. பெரும்பாலான படிப்புகளுக்கு நூறு இடம் எண்டா 40 நாடு முழுக்க ஒரே வரிசையில, 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அந்த 16ல கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் அஞ்சும் இருக்கு. "நீ கொழும்புப் பெடியனோட ஓடேல்லை, பக்கத்து ஊர்ப் பெடியனோட ஓடுறாய்" எண்டு தம்பிக்குச் சொன்னார். கணிதம் படிச்சா எஞ்சினியரிங், இல்லாட்டி ஒண்டுமில்லை எண்டு இவன் நினைச்சுக்கொண்டிருந்தவன், அண்ணை ஒவ்வொரு பக்கமாப் பிரட்டி மொறட்டுவையில கியூ.எஸ் (கட்டடச் செலவு கணக்குப் பாக்கிற படிப்பு), சப்பிரகமுவையில சேவேயிங், பௌதிக விஞ்ஞானம், வவுனியாவில பிரயோக விஞ்ஞானம் எண்டு காட்டக் காட்ட இவன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டான். எனக்கு அதைப் பாக்கவே போதும் எண்டு இருந்தது.

ஒழுங்கு போடுறதிலதான் கன பிள்ளையள் பிழை விடுறதாம். போன வருச வெட்டுப்புள்ளியைப் பாத்து "இது எனக்கு வரும்" எண்டுறதை மேல போடுறது. அப்பிடிப் போட்டா அது வந்திடும், அதுக்குக் கீழ எழுதின விருப்பமான படிப்புக்கு உன்ர புள்ளி காணுமா இருந்தாலும் பிறகு கிடையாது. விருப்பப்படி மேல இருந்து எழுது, ஆனா பாதியில நிப்பாட்டாமல் கடைசி மட்டும் எழுது எண்டார். அதுக்குப் பிறகு ஒரு ஒற்றையில தம்பியைக் கையால எழுத வச்சு, ஒரு நாள் வீட்ட கொண்டுபோய் யோசிச்சிட்டு வா எண்டு அனுப்பிட்டார். கடையில நிண்டு அவசரத்தில ரைப் பண்ண விடேல்லை. கம்பஸுக்கு எண்டு ஏ.எல் மூண்டு தரம் எழுதலாம், இது முதலாம் தரம்தான், நிலம் இடிஞ்சு விழேல்லை எண்டும் சொன்னார். கம்பஸ் வராட்டி அறிவியல் நகரிலயே இருக்கிற ஜேர்மன் உதவியோட கட்டின பயிற்சி நிறுவனத்தில ஓட்டோமொபைல், கன்ஸ்ரக்சன் எண்டு காசில்லாமப் படிச்சு டிப்ளோமா எடுக்கலாம், அதில இருந்தும் பிறகு டிகிரிக்கு ஏறலாம் எண்டு அதுக்கும் ஒரு ஒற்றை எழுதித் தந்தவர். சைக்கிள்ள போய்வரலாம் எண்டு தம்பிக்கு அதிலயும் ஒரு சந்தோசம்.

விண்ணப்பம் ஒன்லைனில போட்டு, பிரின்ற் எடுத்து, அதிபரின்ர கையெழுத்துக்கு அலைஞ்சு, கொழும்பு வோட் பிளேசில இருக்கிற யூ.ஜி.சிக்கு பதிவுத் தபாலில அனுப்பினது வரைக்கும் கடையில மொத்தச் செலவு 650 ரூவா. தபால் காசு தனி.

இப்ப அந்த அரை நட்சத்திரம். ஒண்டு, மனுசனுக்கு வாய் சரியில்லை. எங்களுக்கு முன்னால நிண்ட ஒரு அம்மா பிள்ளையின்ர பிறந்த திகதியை மாத்திச் சொன்னதுக்கு அண்ணை போட்ட சத்தத்தில அந்த அம்மா அழுதிட்டா. ரெண்டு, விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்டு கடையைப் பூட்டிட்டுப் போட்டார், கதவில ஒரு அறிவித்தல்கூட இல்லை, நாங்கள் ரெண்டு நாள் வந்து வந்து திரும்பினது. கண்ணகி அம்மனைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கலாம். மூண்டு, கரண்ட் போனா இன்வேட்டர் இல்லை. நாலு, பிரின்ரர் மை மங்கல், அதிபர் ஒரு பக்கத்தைத் திருப்பித் தந்திட்டார்.

அஞ்சாயிரம் கேட்டு நிலையத்துக்குத் திரும்பவும் ஒருக்காப் போனன், இந்தமுறை தனிய. அந்த முல்லைத்தீவுப் பிள்ளை இல்லை, விலகிட்டுதாம். மனேஜர் எண்டு ஒருத்தர் ரசீதைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் எறும்பு எழுத்தில இங்கிலிசில, திருப்பித் தரப்படமாட்டாது எண்டு. சேராத பிள்ளைக்கு என்ன சீற், என்ன ஹோல்ட் எண்டு கேட்டன். அது எங்கட பொலிசி எண்டார். டிப்ளோமா குடுக்கிறது ஆர் எண்டு கேட்டன். தலைமை அலுவலகத்தில கேட்டுச் சொல்லுறன் எண்டார். இண்டைக்கு வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணி இந்தமுறை தரேல்லை, அந்த அரையையும் எடுக்கலாமோ எண்டு யோசிச்சனான், சரி கிடக்கட்டும்.

வெட்டுப்புள்ளி வந்தது. தம்பிக்கு வவுனியாப் பல்கலைக்கழகம், பிரயோக விஞ்ஞானம், அவன் ஒற்றையில அஞ்சாவதா எழுதினது. மன்னார் ரோட்டில பம்பைமடு. முந்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வளாகமா இருந்து 2021ல தனிப் பல்கலைக்கழகமா வந்தது. படிப்புக்குக் காசில்லை, முந்திக் கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா காலத்தில இருந்து வாற இலவசக் கல்வி. ஆனா இலவசம் எண்டோடன சும்மா எண்டு நினைச்சிடாதேங்கோ, நானும் அப்பிடித்தான் நினைச்சன். லப்டொப் இல்லாமல் இந்தப் படிப்பு சரிவராது, அது மட்டும் ஒண்டரை லட்சத்துக்கு மேல, பாதி நான் சீட்டுக்காசில போட்டு மிச்சம் தவணையில. ஹொஸ்டல் இருந்தாலும் சாப்பாடு, பஸ், கொப்பி, உடுப்பு எண்டு மாசம் இருபதாயிரத்துக்குக் குறையாது. மகாபொல எண்ட அரசாங்க உதவிப்பணம் கிடைச்சாக் கொஞ்சம் மூச்சு விடலாம், நெடுக மாசம் 5,000ஆ இருந்ததை 2025 பட்ஜெற்றில 7,500 ஆக்கினவை. அதுக்கு வீட்டு வருமானத்துக்கு கிராம அலுவலர், பிரதேச செயலகம் எண்டு கையெழுத்து வாங்கவேணும், நெல்லு வித்த ரசீது, காமன்ஸ் சம்பளத் துண்டு எல்லாம் கொப்பி அடிக்கத் திரும்ப அண்ணையிட்டத்தான் போனன். அவர் லொத்தர்ப் பெட்டியைக் காட்டி, மகாபொலக்கு லொத்தர்க் காசிலயும் ஒரு பங்கு போறது, ஒரு டிக்கெற் எடுத்திட்டுப் போ, சுத்தித் தம்பியிட்ட வரும் எண்டார். எடுத்தன். விழேல்லை.

நான் ஏ.எல் படிக்கேல்லை. 2009ல போரில இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாமில ரெண்டு குடும்பத்துக்கு ஒரு கூடாரம், திரும்பி வந்து ஓ.எல் எழுதி, பாஸ் பண்ணி, வீட்டுக்குக் கூரை போடவேணும் எண்டு வேலைக்குப் போனனான். அந்த நேரம் இப்பிடி ஒரு கொமினிக்கேசன் எங்கட சந்தியில இருந்திருந்தா எண்டு அண்ணையிட்டச் சொன்னன். அவர் "இப்பவும் நீ திறந்த பல்கலைக்கழகத்தில பவுண்டேசன் கோஸ் செய்யலாம் தங்கச்சி, ஏ.எல் தேவையில்லை" எண்டு ஒரு போமை எடுத்து மேசையில வச்சார். எடுத்துக்கொண்டு வந்தன், அலுமாரியில கிடக்குது.

போறவைக்கு: காலமை பத்துக்கு முதல் போங்கோ, பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு நிக்க இடமில்லை. ஐடென்ரிற்றி கார்ட், ரிசல்ட் சீற், பிறப்புச் சான்றிதழ் மூண்டையும் கொண்டு போங்கோ, ஒண்டு குறைஞ்சாலும் பேச்சு விழும். சில்லறைக் காசா வச்சிருங்கோ. மங்கலான பிரின்ற் தந்தா வாங்காதேங்கோ, திருப்பி அடிச்சுத் தரச் சொல்லுங்கோ, முதல் முறைப்பார், பிறகு அடிச்சுத் தருவார்.